மேஜர் சார் திட்டாத ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் மேஜர் சார் வீடியோ அழைப்பில் என்னைப் பார்த்து, "உன்னை நெனைச்சா எனக்குப் பெருமையா இருக்குப்பா" என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமையன்றுதான் நான் ஆஸ்திரேலியா போவது என்று முடிவானது. அவர் அழைப்பை முடித்துக்கொண்ட பிறகும் நாங்கள் யாரும் போனை வைக்கவில்லை. திரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். சாருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது, யார் முதலில் சொல்வது என்றுதான் தயக்கம்.

நாங்கள் என்றால், திருச்சிக் கல்லூரி ஒன்றின் பழைய கால்பந்து அணி. இன்று அறுபதை ஒட்டியும் தாண்டியும் நிற்கிறோம். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மேஜர் சார் எண்பதைத் தாண்டிவிட்டார். மனைவி போன பிறகு சிட்னியில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிறு மதியம் எல்லோரும் சேர்ந்து அவரை அழைப்போம். அழைப்பு என்று பேர்தானே ஒழிய, திட்டு வாங்கத்தான் போவோம். பேங்க் வேலையில் நான் கோணி மூட்டையாகிவிட்டேன் என்பார். மருந்துக்கடை வைத்திருந்துகொண்டே பிரஷர் மாத்திரையை மறக்கும் பீட்டரைக் காய்ச்சி எடுப்பார். அதை வாங்கிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருக்கும்.

சில வாரங்களாக அது நின்றுபோனது. முதலில் என் தொப்பையைப் பார்த்து, உடம்பை நன்றாக வைத்திருக்கிறாய் என்றார். கேலி என்று நினைத்துச் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் பீட்டரைப் பொறுப்பானவன் என்றார். பீட்டருக்கு அதன்பிறகு சோறு இறங்கவில்லை. வயதானவர்களுக்குத் திடீரென்று குணம் மாறினால் மூளையைத்தான் பார்க்க வேண்டும் என்று மருந்துக்கடை அனுபவத்தில் சொன்னான். போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்த என்னைப் பார்த்து, "வேலை வெட்டி இல்லாதவன் நீதான்டா, நேர்ல போய்ப் பார்த்துட்டு வா" என்றார்கள். அணியில் என்னை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை.

ஜூன் மாதம் அங்கே குளிர்காலம் என்பது எனக்குத் தெரியும். தெரிவது வேறு, சிட்னி விமான நிலையத்துக்கு வெளியே அரைக்கை சட்டையோடு நிற்பது வேறு. உள்ளே, சாருக்காகக் கொண்டு போயிருந்த கடலை மிட்டாயையும் மணப்பாறை முறுக்கையும் ஒரு பெண் அதிகாரி பிரித்து முகர்ந்து பார்த்தார். மாட்டுச் சாணம், விதை, தேன் ஏதாவது உண்டா என்று கேட்டார். எள் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். வறுத்த எள்ளால் இந்த நாட்டுக்கு ஆபத்தில்லை என்று முடிவு செய்து விட்டுவிட்டார்.

சாரின் மகள் மாலதி காரோடு வந்திருந்தாள். மென்பொருள் கம்பெனியில் வேலை, செவன் ஹில்ஸில் வீடு. வழியெல்லாம் ஊர்ச் செய்தி கேட்டுக்கொண்டு வந்தவள், ஒரு சிக்னலில் கார் நின்றபோது சொன்னாள்.

"அங்கிள், அப்பா இப்பல்லாம் என்கிட்ட கோவப்படுறதே இல்ல. சாம்பார்ல உப்பு போட மறந்துட்டேன், ரொம்ப நல்லா இருக்கும்மான்னு சொல்லிச் சாப்பிடுறார். எனக்கு பயமா இருக்கு."

அடுத்த வாரம் ஞாபக சக்தியைச் சோதிக்கும் டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகவும், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னாள். நண்பர்கள் எந்தப் பயத்தோடு என்னை அனுப்பினார்களோ அதே பயம் இந்தக் காரிலும் உட்கார்ந்திருந்தது.

சார் வாசலில் நின்று என் பெட்டியை வாங்கிக்கொண்டார். முதுகு இன்னும் கம்பு மாதிரி நேராகத்தான் இருக்கிறது. "பிரயாணம் சௌகரியமா இருந்துச்சாப்பா? களைச்சுப் போயிருப்ப, உட்காரு" என்றார். காலை ஓட்டத்துக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்ததற்கு என்னைத் தண்டால் எடுக்க வைத்த மனிதர். நான் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தேன்.

அவர் கதையைச் சொன்னால்தான் இது புரியும். கோவில்பட்டிப் பக்கத்து ரயில்வேக்காரர் மகன். சிப்பாயாகச் சேர்ந்து, படைப்பிரிவு அணியில் இடது பின்வரிசையில் ஆடி, முழங்காலை உடைத்துக்கொண்டு, பரீட்சை எழுதி அதிகாரியானவர். பனிமலையில் சில வருடம் இருந்தவரை, மாணவர் படையைப் பார்த்துக்கொள்ளத் திருச்சிக்கு அனுப்பினார்கள். எங்கள் கல்லூரி அணிக்கு அப்போது பயிற்சியாளரே கிடையாது. பந்து இருக்கும், அதில் காற்று இருக்காது. யாரும் கேட்காமல், தன் வேலை நேரம் போக மீதியை அவர் எங்களுக்குக் கொடுத்தார். கொள்ளிடம் மணலில் விடியற்காலை ஓடவிட்டார். சரியாகச் செய்தால் எதுவும் சொல்ல மாட்டார், தப்புச் செய்தால் கல்லூரிக்கே கேட்கும். அவர் பேசாமல் இருந்தால் நாங்கள் நன்றாக ஆடுகிறோம் என்று தெரிந்துகொள்வோம். எல்லைக்கு மாற்றல் வந்து அவர் கிளம்பிய அன்றும், ரயில் நடைமேடையில் வரிசை கோணலாக நின்றோம் என்று திட்டிவிட்டுத்தான் ஏறினார்.

மறுநாள் என்னை மெரிலேண்ட்ஸுக்கு ரயிலில் அழைத்துப் போனார். அங்கே ஆப்கானியர் கடை ஒன்றில், என் கை நீளத்துக்கு ரொட்டி சுடுவார்களாம். ரயில் சுத்தமாகவும் அமைதியாகவும் இருந்தது. எதிர் இருக்கைப் பெண் யாரிடமோ போனில் ஆங்கிலத்தில், "நான் அவனை மன்னித்துவிட்டேன், ஆனால் நாயைத் திருப்பித் தர மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மெரிலேண்ட்ஸ் வந்தது. சார் கதவருகே போய் நின்று, ஒரு பாட்டிக்கு வழிவிட்டார். பிறகு தள்ளுவண்டிக் குழந்தைக்கு. பிறகு இறங்குகிறவர்கள் முடிந்து ஏறுகிறவர்களுக்கும் கைகாட்டி வழிவிட்டார். கதவு மூடிக்கொண்டது. அடுத்த ஸ்டேஷனான கில்ஃபோர்டில் இறங்கி, எதிர் ரயிலுக்காகக் குளிரில் நின்றோம்.

திருச்சி ஜங்ஷனில் கூட்டமான பாசஞ்சர் வண்டியில் மொத்த அணியையும் ஜன்னல் வழியாக ஏற்றியவர் இவர். "பரவாயில்லப்பா, ஒண்ணும் அவசரமில்ல" என்று என் தோளில் தட்டினார்.  ரொட்டி அருமையாக இருந்தது என்று பீட்டருக்குச் செய்தி அனுப்பினேன். சாரைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க மழை. மதியம் சார் என்னிடம் வந்து, தான் ஒரு தமிழ்ப் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுப்பதாகவும், எல்லோரும் முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் என்றும், நாளை ஒரு போட்டிக்காக மெல்போர்ன் போவதாகவும் சொன்னார். "உனக்குச் சிரமம் இல்லன்னா நீயும் வரலாம்" என்று முடித்தார். என் சிரமத்தை அவர் விசாரித்ததைக் கேட்டு, சமையலறையில் இருந்த மாலதி எட்டி என் முகத்தைப் பார்த்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு வேன்களில் கிளம்பினோம். சார் முதல் வேனில், கிளப் செயலாளர் பிரையன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரையன் உயரமான வெள்ளைக்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இரண்டாவது வேனில் நானும் ஆறேழு பெண்களும். ஓட்டியவர் அணியின் கோல்கீப்பர் சுகிர்தா, யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரில் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் திருப்பதி போவது மாதிரி, வேன் நகர்ந்ததும் டப்பாக்கள் திறந்தன. இட்லிப் பொடி ஒரு பக்கம், மாசிக் கருவாட்டுச் சம்பல் வைத்த பாண் ரொட்டி ஒரு பக்கம். இரண்டையும் மறுக்காமல் சாப்பிட்டேன்.

கோல்பர்ன் என்ற ஊரில், மூன்று மாடி உயரத்துக்கு கான்கிரீட்டில் ஒரு செம்மறியாடு கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் நிறுத்தியபோது வேனின் பக்கக் கதவு திறக்க மறுத்தது. ஒவ்வொருவராக முன் இருக்கை மேல் ஏறி ஓட்டுநர் கதவு வழியாக இறங்கினோம். என் தொப்பை ஸ்டியரிங்கில் சிக்கி ஹாரன் அடித்தது. ஆட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள்.

சுகிர்தா தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் வந்து, ஏன் இவ்வளவு யோசனை என்று கேட்டார். முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்வது சில சமயம் சுலபமாக இருக்கிறது. சார் மாறிவிட்டார், திட்டுவதில்லை, வருகிற வாரம் டாக்டரிடம் போகிறோம் என்று கொட்டிவிட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ அண்ணை, அவருக்கு ஒண்டும் இல்லை. போன மாதம் மட்ச்சில என்னைப் பார்த்து சத்தம் போட்டவர். நான் முறைப்பாடு குடுக்கேல்ல, பார்த்துக்கொண்டு நிண்ட ஆரோ குடுத்திட்டினம். இனி ஒருக்கா பிளேயர்ஸுக்குச் சத்தம் போட்டா கோச் வேலை இல்லை எண்டு கிளப்பில எச்சரிக்கை விட்டிருக்கினம். அதுதான் மனுசன் வாயைப் பழக்குறார்."

பழக்குகிறார். எங்கள் மேல் பழக்கியிருக்கிறார். மகளின் உப்பில்லாத சாம்பார் மேல், ரயில் பயணிகள் மேல், என் தொப்பை மேல்.

ராணுவத்தில் எச்சரிக்கை என்பது சாதாரண விஷயமில்லை. அத்தனை வருட சர்வீஸில் ஒன்றுகூட வாங்காதவர், எண்பது வயதில் ஒரு பூங்கா மைதானத்தில், யாரோ கொடுத்த புகாரில் வாங்கியிருக்கிறார். வெட்கப்பட்டு மகளிடம்கூட மறைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அந்தக் கான்கிரீட் ஆட்டின் காலடியிலிருந்தே மாலதியை அழைத்துச் சொன்னேன்.  டாக்டரிடம் எதற்கும் ஒருமுறை காட்டிவிடலாம் என்றாள், ஆனால் குரல் மாறியிருந்தது. பிறகு பீட்டருக்குச் சொன்னேன். அவன் மருந்துக்கடையில் எல்லோருக்கும் ஜூஸ் வாங்கிக் கொடுத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

ஒரு பயம் போனதும் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. சுகிர்தா வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னார். சார் மகள் வீட்டுக்கு வந்த புதிதில் பூங்காவில் தனியாக நடந்துகொண்டிருந்தாராம். ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று, இடது பக்கம் காலியாக இருக்கிறது என்று இவர்களைப் பார்த்துக் கத்தினாராம். இவர்களே கூப்பிட்டு உள்ளே விட்டார்கள். இந்த அணிதான் அவருக்கு இந்த ஊர். நாளை வாய் தவறினால் அதுவும் போய்விடும். வாய் தவறாமல் இருந்தால் இவர்களுக்கு ஆட வரவில்லை. அவர் அமைதியாக நின்ற மூன்று ஆட்டங்களிலும் தோற்றிருக்கிறார்கள்.

மெல்போர்ன் குளிரை சிட்னிக் குளிரோடு ஒப்பிடக் கூடாது. ஸ்பிரிங்வேல் பக்கத்து மைதானத்தில் ஞாயிறு காலை வெயில், பத்து மணிக்கு மழை, அது முடியுமுன் காற்று. நான் மாலதி கொடுத்த குரங்குக் குல்லாவோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குப் பழகிய இடம்தான். கல்லூரியில் மூன்று வருடமும் நான் மாற்று ஆட்டக்காரன், மைதானத்தைவிடப் பெஞ்சைத்தான் அதிகம் அறிவேன்.

ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் ஆட்டம். எதிரணி மெல்போர்ன்காரர்கள், நல்ல வேகம். சார் கோட்டுக்கு வெளியே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முதல் கோல் விழுந்தது. "நல்ல முயற்சிம்மா" என்றார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இரண்டாவது விழுந்தது. "பரவாயில்ல, பரவாயில்ல" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. பத்தடி தள்ளி பிரையன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் சுகிர்தா வந்து, "அங்கிள், நீங்கள் இப்பிடி நிண்டா எங்களுக்குப் பயமாக் கிடக்கு" என்றார். சார் ஆரஞ்சுத் துண்டுகளை நீட்டினார்.

இரண்டாவது பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் மறுபடியும் இடது பக்கம் திறந்து கிடந்தது. எதிரணிப் பெண் பந்தோடு அங்கே வருவது எனக்கே தெரிந்தது. சாரின் வாய் திறந்தது. நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் அப்படியே முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"டேய் சேகர், தபால் வண்டி! எதுக்குடா நடுவுல போய் நிக்கிற? இடது பக்கம் உங்க அப்பனா வந்து நிப்பான்? ஓடுடா!"

தபால் வண்டி என்பது எனக்கு அவர் வைத்த பெயர். எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போவேனாம். மைதானம் முழுக்கக் கேட்டது. இடது பின்வரிசைப் பெண் ஓடிப்போய்ப் பந்தைத் தட்டிவிட்டாள். எனக்கு ஒரு நொடி புரியவில்லை, பிறகு புரிந்தது. அட்டென்ஷனில் நின்று, "சாரி சார்!" என்று கத்தினேன்.

அதன்பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. பந்து மேலே போனால், தரையில் தட்டத் தெரியாதா என்று எனக்கு. யாராவது பந்தையே பார்த்துக்கொண்டு நின்றால், தலையைத் தூக்குடா, அது என்ன கீழே காசு தேடுகிறாயா என்று எனக்கு. கோல்கீப்பர் முன்னே வரத் தயங்கினால், வீட்டுத் தின்பண்டத்துக்கு மட்டும் முன்னால் வரத் தெரிகிறதா என்று எனக்கு. ஏழு பேர் இடத்திலும் அன்று நான்தான் ஆடினேன். இவ்வளவு நேரம் ஒரு ஆட்டத்தில் அவர் என்னை வைத்திருந்ததே இல்லை. சுகிர்தா கோல் கம்பத்தில் சாய்ந்து சிரித்துக்கொண்டே பந்துகளைப் பிடித்தார். எங்கள் பெண்கள் ஒரு கோல் போட்டார்கள், கடைசியில் இன்னொன்றும்.

பிரையன் எழுந்து வந்தார். சார் என்ன கத்துகிறார் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். என்னைத் திட்டுகிறார், நான் அவருடைய பழைய மாணவன் என்றேன். இதில் எனக்கு வருத்தமா என்று அவர் கேட்டார். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று சொன்னேன்.  "விதியில் ஆட்டக்காரர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது. நண்பர்களைப் பற்றி ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் பிரையன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

ஆட்டம் சமன். கோப்பை வேறு யாருக்கோ போனது. எங்கள் பெண்கள் கோப்பை வாங்கியவர்களைவிடச் சத்தமாகக் கொண்டாடினார்கள்.

மாலை ஸ்பிரிங்வேலில் ஒரு வியட்நாம் கடையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தோம். பெரிய கிண்ணத்தில் ஆவி பறக்கும் நூடுல்ஸ் சூப், அதில் பச்சை இலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். நம் ரசத்துக்குத் தூரத்து உறவு என்று எனக்குப் பட்டது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது, ஊரில் அப்போது மதியம். வழக்கமான அழைப்பு வந்தது. போனைத் தண்ணீர் ஜாடி மேல் சாய்த்து வைத்தேன். திரை முழுக்க எங்கள் ஆட்கள்.

முதலில் சார் பீட்டரின் மாத்திரையைப் பற்றி விசாரித்து, கிழித்துத் தொங்கவிட்டார். பீட்டர் புல்லரித்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்போ எங்களைப் பாராட்டினதெல்லாம் டிராமாவா சார்? நல்ல வேளை. நாங்க பயந்தே போயிட்டோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

சார் சிரிக்கவில்லை. குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.

"முதல் வாரம் டிராமாதான். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். திரும்பவும் உங்ககிட்ட பொய் சொல்ல எனக்குப் பிடிக்கல. அதனால ஒவ்வொருத்தன்கிட்டயும் நிஜமா என்ன நல்லது இருக்குன்னு உட்கார்ந்து யோசிச்சேன். நிறைய இருந்துச்சு. அதுக்கப்புறம் சொன்னதெல்லாம் நிஜம்."

திரையில் யாரும் அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பீட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், அதனால் நிற்கவில்லை என்று தெரிந்தது.

சார் என் பக்கம் திரும்பினார். "நீ மூணு வருஷமும் பெஞ்சு. இன்னிக்கும் நான் ஆட விடமாட்டேன்னு தெரிஞ்சே தினமும் விடிகாலைல கொள்ளிடத்துக்கு வந்து நின்ன. மழையிலயும் வந்த. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், போக வேணாம்னு படுத்திருந்தேன். நீ வந்து நிப்பியேன்னு எழுந்து வந்தேன். அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லத் தெரியல."

எனக்கு அழுகை வந்தது. மறைக்க முயற்சி செய்யவில்லை. சுகிர்தா டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

அந்த அணிக்கு நான் தேவைதானா என்று இத்தனை வருடத்தில் யாரிடமும் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இருபது வயதில் இந்தப் பதிலுக்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். அறுபதில் வந்து சேர்ந்தபோதும் அது பழசாகியிருக்கவில்லை.